ராஜா சேரும் இரண்டு கல்மரங்களும்

மேடையில் யார் பெரியவர் என்று தெரிந்துகொள்ளப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, நாற்காலியைப் பார்த்தால் போதும். கோலியனூர் கூட்டுரோட்டில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கிருஷ்ணவேணி சொல்கிறேன். கீழே ஜனங்களுக்குக் கை இல்லாத பிளாஸ்டிக் சேர். மேடையில் கட்சிக்காரர்களுக்குக் கை வைத்த சேர். அதற்கு வெள்ளைத் துணி உறை போட்டிருந்தால் அங்கே உட்காருபவருக்குக் கொஞ்சம் பெரிய பதவி. நட்டநடுவில் சிவப்பு வெல்வெட்டும் தங்கப் பெயின்ட் அடித்த சிங்கத் தலையுமாக ஒரே ஒரு ராஜா சேர். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மாப்பிள்ளை உட்கார்ந்து வியர்த்துவிட்டுப் போன அதே சேரில்தான் திங்கட்கிழமை தலைவர் உட்காருவார். அது தலைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் துடைக்கிறேன்.

இத்தனை வகை நாற்காலி இருந்தும் சவுரிராயனுக்கு மட்டும் எதிலும் இடம் கிடையாது.

சவுரிராயன் பகலில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுகிறவர். "கோலியனூர், வளவனூர், கண்டமங்கலம், பாண்டி பாண்டி பாண்டி" என்று அவர் ஒருமுறை இழுத்துச் சொன்னால், பாண்டிக்குப் போகும் உத்தேசமே இல்லாதவன்கூட ஏறி உட்கார்ந்துவிடுவான். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் யாரோ ஒரு கட்சிக்காரர் அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து சாயங்காலத் தொழில் புகழ்வது.

புகழ்வது என்றால் சும்மா இல்லை. தலைவர் நான்கு மணிக்கு வருவதாக போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நான்கு மணிக்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும், தலைவர் இருக்கமாட்டார். "வந்துக்கினே இருக்காரு" என்று போனில் தகவல் வந்தால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். அவர் குளித்து, சாப்பிட்டு, வழியில் ஒரு வளைகாப்புக்கும் போய்விட்டு வருகிறவரை கூட்டம் கலையாமல் மைக்கில் நின்று அவரைப் புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். சவுரிராயன் நிறுத்தாமல் புகழுவார். மூச்சு விடுவதுகூட "ஆம்!" என்று ஒரு முழக்கமாகத்தான் வெளியே வரும். எந்தக் கட்சியிலும் அவர் உறுப்பினர் இல்லை. பாட்டுக் கச்சேரிக் குழு மாதிரி, கூப்பிட்டவர் மேடைக்குப் போவார்.

இதற்குக் கூலியாக ஏதோ கொஞ்சம் கையில் வைப்பார்கள், கூடவே ஒரு பொன்னாடை. அது தலைவருக்கு யாரோ போர்த்தியது. தலைவர் அதைக் கழற்றும் வேகத்தில் அடுத்தவர் தோளில் போட்டுவிடுவார். இந்தப் பொன்னாடைகளால் சவுரிராயனின் மனைவி ஆரோக்கியசெல்வி ஜன்னலுக்குத் திரை தைத்தாள், தலையணைக்கு உறை தைத்தாள், கடைசியில் ஆட்டுக்குக் குளிருக்குப் போர்த்தினாள். அந்தத் தெருவிலேயே ஜரிகை போட்ட ஆடு அவர்களுடையதுதான்.

ஆரோக்கியசெல்வி அவர் பேசும் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. ஒருமுறை நான் கேட்டேன்.

"நின்னுக்கினு கத்தறதைப் பாக்கணும்னா நான் பஸ் ஸ்டாண்டுக்கே போவேனே, வேணியக்கா" என்றாள். "அவரை என்னைக்கு மேடையில உக்கார வெக்கிறாங்களோ, அன்னைக்குச் சொல்லு. பட்டுப்பொடவை கட்டிக்கினு வர்றேன்."

சவுரிராயனுக்கும் அதே ஆசைதான். ஒருநாள் நான் சேர்களை டெம்போவில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"அந்தக் காலத்துல ராஜாவைப் புகழ்ந்து பாடினா யானை குடுப்பாங்களாம், வேணிம்மா. ராஜா தன் பக்கத்துலயே ஒரு ஆசனமும் குடுப்பாராம்."

"யானைய வெச்சுக்கினு நீ இன்னா பண்ணுவே, சவுரிண்ணே? ஆட்டுக்கே தழை இல்லைன்னு ஆரோக்கியசெல்வி சொல்லிக்கினு இருக்கா."

"யானை வேணாம்மா" என்றார். "அந்த ஆசனம்."

அவருக்கு ஏன் நாற்காலி கிடையாது என்று கேட்டால், "அவரு மைக்குல நிக்கிறவருதானே, சேரு எதுக்கு?" என்பார்கள். மைக்கில் நிற்கிற மற்ற எல்லோரும் பேசி முடித்ததும் போய் உட்காருகிறார்களே என்று கேட்டால், டீ வந்துவிட்டது என்று எழுந்து போவார்கள். உண்மையான காரணத்தை நான் சொல்கிறேன். சவுரிராயன் காலனிக்காரர். காலனிக்காரருக்கு மைக் கொடுப்பார்கள், ஏனென்றால் தொண்டை வேண்டும். நாற்காலி கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இப்போது கல்மரத்துக்கு வருகிறேன்.

தலைவர்களுக்குப் பட்டம் வைப்பதுதான் சவுரிராயனின் தனித்திறமை. சிங்கம், புலி, வள்ளல் எல்லாம் மற்ற பேச்சாளர்கள் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். இவருடைய பட்டம் புதுசாக இருக்கும். திருவக்கரையில் பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். அங்கே காணாமல் போன குழந்தைகளை மைக்கில் அறிவிக்க ஒருமுறை போயிருந்தார். ஆரோக்கியசெல்வியும் கூடப் போயிருந்தாள். வேலை முடிந்ததும் அங்கே இருக்கிற கல்மரப் பூங்காவுக்குப் போனார்கள். அவள் உள்ளே போய் மரங்களைப் பார்த்தாள். இவர் வாசலில் டீ குடித்துக்கொண்டே பலகையைப் படித்தார். கோடி வருஷத்துக்கு மேல் பழைய மரம், கல்லாகிவிட்ட மரம் என்றதும் இவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அடுத்த வாரமே திண்டிவனத்தில் பெரியதம்பிக்குப் பாராட்டுக் கூட்டம். பெரியதம்பி ஒரு கட்சியின் பெரிய புள்ளி. சவுரிராயன் மைக்கைப் பிடித்தார். "கோடி ஆண்டுகள் ஆனாலும் சாயாத, சரியாத, உளுத்துப் போகாத எங்கள் கல்மரமே!" மைதானம் அதிர்ந்தது. பெரியதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளே அவர் கார் கண்ணாடியில் 'கல்மரம்' என்று ஸ்டிக்கர் ஏறிவிட்டது.

"யோவ், அந்த மரமெல்லாம் படுத்துக்கினுதான்யா கெடக்குது" என்றாள் ஆரோக்கியசெல்வி. "ஒண்ணுகூட நிக்கல."

"அவரு போயிப் பாக்கமாட்டாரு, விடு" என்றார் சவுரிராயன். அதில் மட்டும் அவர் கணக்குத் தப்பவில்லை.

தப்பியது வேறு இடத்தில். சில மாதம் கழித்து விழுப்புரத்தில் ஆனந்தராஜுக்குப் பிறந்தநாள் கூட்டம். ஆனந்தராஜ் எதிர்க்கட்சிக்காரர். பெரியதம்பி பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிறவர். அன்றைக்கு அவர் வர ரொம்பவும் தாமதம். சவுரிராயன் கையிலிருந்த சிங்கம், வள்ளல், வைரம், வைடூரியம் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார். அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நிற்கிறது, வெடி வெடிக்கிறது, பட்டம் வேண்டும். வாயில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "சாயாத எங்கள் கல்மரமே!" என்று விட்டார்.

மேடையிலிருந்து இறங்கி வந்த சவுரிராயனிடம் நான் மெதுவாகக் கேட்டேன். "அது பெரியதம்பிக்குக் குடுத்ததாச்சே, சவுரிண்ணே?"

"அது திண்டிவனம். இது விழுப்புரம். இந்த ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் ஒரே மேடையில ஏறப் போறாங்களா இன்னா?" என்றார்.

ஏறினார்கள். தேர்தல் வந்தது, இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்தன.

அதற்குள் ஆனந்தராஜ் 'கல்மரம் நற்பணி மன்றம்' என்று ஒன்று ஆரம்பித்து, எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியின் சுவர் முழுவதும் எழுதிவைத்திருந்தார். பெரியதம்பி தன் பேரப்பிள்ளையின் காதுகுத்துப் பத்திரிகையில் 'கல்மரத்தின் பேரன்' என்று போட்டிருந்தார். கூட்டணி என்று ஆனபிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள், தொகுதியைக்கூடப் பிரித்துக்கொண்டார்கள். பட்டத்தை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இருவரும் தனித்தனியாக சவுரிராயனைக் கூப்பிட்டு, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். இவர் இருவரிடமும் தனித்தனியாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், உங்களுக்குத்தான் என்று. யோசித்துப் பார்த்தால் இரண்டும் உண்மைதான்.

கூட்டணியின் முதல் கூட்டத்தை விழுப்புரத்தில் வைத்தால் திண்டிவனத்துக்குக் கோபம், திண்டிவனத்தில் வைத்தால் விழுப்புரத்துக்குக் கோபம். அதனால் நடுவே கூட்டேரிப்பட்டு பக்கம் ஒரு மைதானத்தில் வைத்தார்கள். சென்னையிலிருந்து பெரிய தலைவர் ஒருவர் வந்து தலைமை தாங்குவதாக ஏற்பாடு. மைக்கில் சவுரிராயன். இந்த முறை அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: மேடையில் எனக்கு ஒரு சேர் வேண்டும்.

"அதுக்கென்ன சவுரி, உனக்கில்லாத சேரா?" என்றார் பெரியதம்பி. "என்னைக் கல்மரம்னு கூப்புடு, அவரைக் கூப்புடாத. சேரு உனக்கு."

ஆனந்தராஜும் அதையேதான் சொன்னார், பெயரை மட்டும் மாற்றி.

சவுரிராயன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் ஆரோக்கியசெல்வி பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை வெளியே எடுத்துவிட்டாள். அதைப் பார்த்தபிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் மற்றவர் சேரைப் பிடுங்கிவிடுவார், அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து அவர் நிற்பதைப் பார்ப்பாள். அவருடைய கவலையெல்லாம் அதுதான்.

கூட்ட நாள் மத்தியானமே நான் போய் மேடையில் சேர் போட்டேன். நடுவில் ராஜா சேர். என்னிடம் இன்னொரு ராஜா சேரும் உண்டு, ஆனால் அது வளவனூரில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தது. வரிசையின் கோடியில், கை வைத்த சேர் ஒன்றைச் சவுரிராயனுக்காகப் போட்டு, நானே வெள்ளை உறையும் மாட்டினேன். யாரும் கேட்கவில்லை, எனக்குத் தோன்றியது, மாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு வட்டப் பொறுப்பாளரின் மச்சான் வந்து அதில் உட்கார்ந்தான். எழுந்திரு என்றால் முறைக்கிறான். நான் டெம்போவிலிருந்து வேறொரு சேர் கொண்டுவந்து போட்டேன். அதையும் ஒரு தொண்டர் இழுத்துக்கொண்டு போய், தலைவர்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைகளை அதன்மேல் அடுக்கிவைத்தார்.

"அது சவுரிண்ணனுக்கு வெச்சதுய்யா" என்றேன்.

"அவரு நிக்கப்போறாரு, அப்புறம் பாத்துக்கலாம்க்கா. சால்வை கீழ இருந்தா அழுக்காயிடும்" என்றார்.

பொன்னாடைகளுக்கு நாற்காலி கிடைத்தது, சவுரிராயனுக்குக் கிடைக்கவில்லை. ஆரோக்கியசெல்வி அதற்குள் வந்து பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மாம்பழ நிறப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம். மேடையில் ஒவ்வொரு சேராகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் டெம்போ பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் செய்தி வந்தது. சென்னைத் தலைவருக்குக் காய்ச்சலாம், வரமாட்டாராம். மேடையிலிருந்த எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் ராஜா சேருக்குப் போனது. அதில் இனி உட்காரப்போவது பெரியதம்பியா, ஆனந்தராஜா? இருவரும் மேடையின் இரண்டு பக்கத்திலும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பட்டத்தோடு யார் பெயர் அழைக்கப்படுகிறதோ அவருக்கு அந்தச் சேர் என்று இரண்டு பக்கத்திலும் பேசிக்கொண்டார்கள்.

சவுரிராயன் மைக்கைப் பிடித்தார். இந்த நாட்டின் மழை, காற்று, ஏரி, குளம் எல்லாவற்றையும் முதலில் புகழ்ந்து நேரம் ஓட்டினார். ஓட்ட இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பெயர் எதையும் சொல்லாமல், "சாயாத எங்கள் கல்மரம் அவர்களே, மேடைக்கு வருக!" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

இரண்டு கார்க் கதவும் ஒரே சமயத்தில் திறந்தன. இரண்டு பக்கப் படியிலும் இரண்டு கல்மரங்கள் ஏறின. ராஜா சேரின் முன்னால் இரண்டும் சந்தித்தன.

பிடித்துத் தள்ளினால் கூட்டணி உடைந்துபோகும். பத்திரிகைக்காரர்கள் வேறு நிற்கிறார்கள். அதனால் மரியாதையால் அடித்துக்கொண்டார்கள்.

"நீங்க உக்காருங்க தலைவரே" என்றார் பெரியதம்பி.

"சேச்சே, நீங்க மூத்தவரு. நீங்க உக்காருங்க" என்றார் ஆனந்தராஜ்.

"வயசுல என்ன இருக்குது? நீங்கதான் உக்காரணும்."

பக்கத்து வெள்ளை உறைச் சேரில் மட்டும் இருவரும் உட்காரமாட்டார்கள். தலைவர்கள் நிற்கும்போது மற்றவர் உட்காரக்கூடாதே, மேடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அந்த மச்சானும் எழுந்தான். சும்மா இருந்தால் கூட்டம் கலையும், ஆகவே சவுரிராயன் பேச வேண்டியிருந்தது. இருவரையும் சரிசமமாகப் புகழ்ந்தார். இரு கண்கள் என்றார், இரு கரைகள் என்றார், வண்டியின் இரு சக்கரங்கள் என்றார். தலைவர்கள் இன்னும், "நீங்க", "இல்ல நீங்க" என்றே இருந்தார்கள். மேற்கு வெயில் நேராக சவுரிராயன் முகத்தில் அடித்தது. தொண்டை கட்டியது. ஒரு கட்டத்தில் வார்த்தை எல்லாமே தீர்ந்துபோய், "அரசூர் போற்றும், முண்டியம்பாக்கம் போற்றும், விக்கிரவாண்டி போற்றும்" என்று பஸ் ரூட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷன் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

அப்போது ஆரோக்கியசெல்வி எழுந்து நின்றாள்.

"யோவ்!" என்றாள். மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது. புருஷனுக்கு ஏற்ற தொண்டை. "அவங்க ரெண்டு பேரும் மரம்னா நிக்கட்டும்யா! மரம் எங்கனா உக்காருமா? மனுஷன்தான் உக்காரணும். நீ உக்காரு!"

சவுரிராயன் அவளைப் பார்த்தார். திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். அவருக்குப் போட்ட சேரில் பொன்னாடைகள் குவிந்திருந்தன. மச்சான் எழுந்த சேர் ரொம்ப தூரத்தில் கோடியில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் காலியாக இருந்தது ஒன்றுதான். இரண்டு தலைவர்களுக்கும் நடுவில் புகுந்து, "கொஞ்சம் வழி விடுங்க தலைவரே" என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, ராஜா சேரில் உட்கார்ந்தார்.

கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது. "அம்மாடி..." என்று அவர் விட்ட பெருமூச்சு நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது.

பின்வரிசையில் நின்ற காலனிப் பிள்ளைகள் ஒரு விசில் அடித்தார்கள் பாருங்கள், அவ்வளவுதான், கூட்டமே கைதட்டியது. பெரியதம்பிக்கு முகம் கறுத்துவிட்டது, ஆனந்தராஜுக்குச் சிவந்துவிட்டது. பேஜாராகிப் போனது இருவருக்கும். கூட்டணி வைத்த பிறகு இருவரும் முதன்முதலாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். ஆனால் தேர்தல் நேரம், கைதட்டுகிறவர்கள் எல்லாம் ஓட்டு. இழுத்துக் கீழே தள்ள முடியுமா? இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். கேமராவைப் பார்த்ததும் இருவருடைய கைகளும் பழக்கத்தில் தானாகக் குவிந்தன.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சவுரிராயனை யாரும் கூப்பிடவில்லை. வேறு ஆளை வைத்துப் பார்த்தார்கள். அவன் பத்து நிமிஷத்தில் புகழ்ந்து முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். அதற்குள் பாதிக் கூட்டம் பஸ் ஏறிவிட்டது. மறுபடியும் இவருக்கே போன் வந்தது. இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார், "சேரு உண்டா?" என்று. உண்டு என்கிற இடத்துக்குப் போகிறார். இல்லை என்றால், "பாண்டி பாண்டி பாண்டி" என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடப் போய்விடுகிறார். கல்மரம் என்ற வார்த்தையை மட்டும் எங்கேயும் சொல்வதில்லை.

என் கடைக்கும் ஒரு கட்சிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கச் செயின்.

"ராஜா சேர் வேணும்க்கா. ஆனா அது வேணாம். வேற குடுங்க."

"ஏன், அதுக்கு இன்னா?"

"அதுல யாரு உக்காந்தாருன்னு உங்களுக்கே தெரியுமில்ல."

"தெரியும்" என்றேன். "அதனாலதான் அதுக்கு வாடகை ஏத்தியிருக்கேன்."

போனவர் திரும்பி வரவில்லை. வராவிட்டால் போகட்டும், சனியன்.

போன வாரம் சவுரிராயன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள் ஆரோக்கியசெல்வி. சவுரிராயன் ராஜா சேரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மனிதர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரக் கணக்கு எடுக்க ஒரு புதுப் பெண் வந்தாள். சென்னைப் பக்கத்துப் பெண் போலிருக்கிறது, படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேரும் யாருக்கா?" என்று கேட்டாள்.

"யாருன்னு தெரியலம்மா" என்றாள் ஆரோக்கியசெல்வி, ஆட்டுக்குப் பொன்னாடையைச் சரியாக இழுத்துவிட்டபடி. "எங்க வூட்டுக்காரரைக் கும்புட வந்தவங்க."